பாதுகாப்பு அமைச்சரும் இரண்டு தட்டு ரோல்ஸும்

அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டால் ஆறு மணிக்கே வந்து நிற்கிற மனிதரை ஒக்லாந்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

லின்ஃபீல்ட் பக்கத்தில் எங்கள் தமிழ்க் கூட்டம் வழக்கமாக வாடகைக்கு எடுக்கிற மண்டபம். முன்கதவு பூட்டு. பக்கத்துக் குசினிக் கதவும் பூட்டு. திறப்பு குலம் அண்ணையிடம் இருந்தது. எங்கள் கூட்டத்தின் தலைவர் அவர். அந்த நேரம் வீட்டில் முகம் சவரம் செய்துகொண்டிருந்திருப்பார்.

கார் நிறுத்துமிடத்தில் நான் தனியே நின்றேன். கைகளில் வெள்ளித்தாள் மூடிய இரண்டு பெரிய தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. உள்ளே என் மனைவி வதனி மத்தியானம் முழுக்க நின்று பொரித்த மட்டன் ரோல்ஸ். சூடு தட்டின் அடியால் உள்ளங்கையில் இறங்கியது. மணம் மூக்கைத் துளைத்தது.

என் திட்டம் மிக எளிது. ரோல்ஸை வைத்துவிட்டு, விருந்தினர் வருவதற்கு முன் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும். ஆறு மணி என்றால் எங்கள் ஆட்கள் ஏழேகாலுக்கு எட்டிப் பார்ப்பார்கள். பிரதம விருந்தினர் என்றால் எட்டு மணிக்கு முந்தி வருவது அவருக்கே மரியாதை இல்லை. ஆகவே எனக்கு நேரம் தாராளமாக இருந்தது.

நான் மறந்தது ஒன்றைத்தான். அன்றைய பிரதம விருந்தினர் ஒரு டேனிஷ்காரர்.

டேனிஷ்காரர் நேரத்துக்கு முந்தி வருவார், ஆனால் கதவைத் தட்டமாட்டார். மூலையில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருப்பார். மணிக்கூட்டு முள் சரியாக வந்த பிறகுதான் இறங்குவார். அந்த நாட்டில் என் வாலிபத்தைக் கழித்தவன் நான். பிறகு இங்கே ஒக்லாந்தின் பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் எங்கள் ஆட்களோடு வேலை செய்த வருடங்களில் இதெல்லாம் என்னைவிட்டுக் கழன்று போயிருந்தது.

மூலையில் நின்ற சின்ன வெள்ளைக் காரின் கதவு திறந்தது. உயரமான, கொஞ்சம் கூன் விழுந்த ஒரு வெள்ளைத் தலை வெளியே வந்தது. பூட்டிய கதவைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. தட்டுகளைப் பார்த்தது.

"ராசன்," என்றது. "நான் பிந்திப் போனேனோ? எல்லாம் முடிஞ்சுதோ?"

டென்மார்க்கின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சரோடு பல வருடங்களாக நான் பேசுவதில்லை. பேசக்கூடாது என்ற முடிவோடுதான் அன்றும் நின்றேன். ஆனால் கை நிறைய ரோல்ஸோடு நிற்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது பார்ப்பதுபோல அவ்வளவு சுலபமில்லை.

சீட்டில் தப்பியவர்

இந்தத் தொடரை வாசிக்கிற ஹமில்டன் அன்பர் ஒருவர், "ஐயா, நீங்கள் வாரா வாரம் யாரோடாவது கோபித்துக்கொண்டே இருக்கிறீர்களே, களைக்காதா?" என்று எழுதியிருந்தார். களைக்காது. கோபம் எனக்கு நடைப்பயிற்சி மாதிரி. இந்த வாரக் கோபம் கொஞ்சம் உயர்ந்த இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவரை இங்கே அக்செல் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம். இன்றைக்கும் உயிரோடு, நல்ல பசியோடு இருக்கிற மனிதர்.

பன்றி வளர்க்கிற ஒரு குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. ஊர், டென்மார்க்கில் யுட்லாந்தின் காற்றடிக்கிற மேற்குப் பக்கம். அந்தப் பகுதி ஆட்கள் சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பார்கள். எதையாவது மிகவும் ரசித்துவிட்டால் "மோசமில்லை" என்பார்கள். அதற்கு மேல் அவர்களிடம் பாராட்டே கிடையாது. தலைநகரத்து ஆட்கள் அவர்களுடைய பேச்சை நக்கலடிப்பார்கள். அதனால்தான் அக்செல் டேனிஷில் சொன்னதையெல்லாம் நான் யாழ்ப்பாணப் பேச்சில் எழுதுகிறேன். அங்கே யாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள்; அமைச்சரும் நீதான், தபால்காரரும் நீதான். அதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்த நாட்டில் பெடியன்களுக்குப் பதினெட்டு வயது வந்தால் படைக்கு ஆள் எடுக்கிற நாள் ஒன்று உண்டு. உடம்பைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள், பிறகு ஒரு சீட்டு எடுக்கச் சொல்வார்கள். சின்ன எண் வந்தால் படைக்குப் போக வேண்டும். பெரிய எண் வந்தால் தப்பினாய், வீட்டுக்குப் போ.

அக்செல் வரிசையில் நிற்கும்போது சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டதாம். குனிந்து கட்டுகிற நேரத்தில் பின்னால் நின்ற நண்பன் முன்னே போய்ச் சீட்டை எடுத்தான். சின்ன எண். அடுத்ததாக அக்செல் எடுத்தார். பெரிய எண்.

நண்பன் படைக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுக் குண்டாகித் திரும்பி வந்தான். அக்செல் ஆசிரியப் பயிற்சிக்குப் போய் மெலிந்து வந்தார். மரவேலை ஆசிரியர். துவக்குப் பிடிக்காத இந்தக் கைதான் பின்னாளில் ஒரு நாட்டின் படைக்கெல்லாம் கையெழுத்துப் போட்டது.

கார்னேஷன் மாலை

அகதிகளாகப் போன நாங்கள் அக்செலின் ஊரில் இறக்கப்பட்டபோது பனி முழங்காலுக்கு இருந்தது. பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் தங்க வைத்தார்கள். எல்லோரும் இளந்தாரிகள். மொழியும் தெரியாது, வேலையும் கிடையாது. யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பதே எங்கள் தொழில்.

ஒருநாள் அக்செல் சைக்கிளில் பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்தார். மரம் அரிகிற வாளைக் கையில் தந்தார். புத்தக அலுமாரி செய்யப் பழக்கினார். எங்கள் ஒருவரிடமும் புத்தகம் இல்லை. செய்த அலுமாரிகளில் மிளகாய்த்தூள், சரக்குத்தூள், செருப்பு எல்லாம் அடுக்கினோம். அடுத்த கிழமை வந்து பார்த்தார். "மோசமில்லை," என்றார்.

சில வருடம் போனது. எங்களுக்கு நகரசபைத் தேர்தலில் வாக்குரிமை வந்தது. அக்செல் அப்போதுதான் முதல் தடவையாக நின்றார். எங்கள் பெடியன்கள் விட்டபாடில்லை. கட்சி, கொள்கை ஒன்றும் தெரியாது. பலகை தந்த மனிதர், அது போதும். குடும்பம் குடும்பமாகக் குளிர்ச் சட்டையோடு வரிசையில் நின்று அவருக்குப் போட்டோம். மயிரிழையில் வென்றார்.

வென்றவருக்கு மாலை போடாமல் விடலாமா? அந்தக் குளிரில் மல்லிகைக்கு எங்கே போவது? பூக்கடையில் கார்னேஷன் வாங்கி, வதனி ஊசியால் கோத்தாள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். மனிதர் அந்த மாலையைக் கழற்றுவது அவமரியாதை என்று நினைத்து, அதோடேயே முதல் சபைக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் ஊர்ப் பத்திரிகையில் முதல் பக்கம் அந்தப் படம்தான்.

அங்கிருந்து மேலேதான். மேயர், பிறகு பாராளுமன்றம். எங்கள் மகள் மயூரி பிறந்தபோது பாராளுமன்றத்திலிருந்து ரெயிலெடுத்து வந்து, சொந்தக் கையால் செய்த ஒரு மரக் குதிரையைத் தந்துவிட்டுப் போனார். அந்தக் குதிரை கொஞ்சம் கழுதை மாதிரி இருந்தது. நாங்கள் சொல்லவில்லை.

தலையில் நிற்காத தொப்பி

அவர் பாதுகாப்பு அமைச்சராகிறார் என்று செய்தி வந்த அன்று எங்கள் தொடர்மாடியில் கேசரி கிண்டாத வீடு இல்லை. "எங்கட அக்செல்" என்று தொலைக்காட்சியைத் தொட்டுக் கும்பிட்ட ஆட்களும் உண்டு.

பத்திரிகைகள் சும்மா விடுமா? சீருடையே போடாத அமைச்சர் என்று கேலிச்சித்திரம் போட்டன. படையினரைப் பார்க்கப் போன இடத்தில் இரும்புத் தொப்பி கொடுத்தார்கள். அவருடைய தலை பெரிசு. தொப்பி உச்சியில் கவிழ்த்த சட்டிபோல நின்றது. அந்தப் படமும் முதல் பக்கம். அமைச்சுக்குச் சைக்கிளில் போவார், மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவார். பாதுகாப்பே இல்லாத பாதுகாப்பு அமைச்சர் என்று நாங்கள் பகிடி விடுவோம்.

பகிடி அதிக நாள் நிற்கவில்லை. தூரத்தில் ஒரு யுத்தம் தொடங்கியது. டென்மார்க்கும் படை அனுப்புமா என்ற பேச்சு வந்தது.

நான் அவருடைய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் தம்பியை ஊரில் ஒரு சோதனைச்சாவடியில் படையினர் சைக்கிளால் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அது அக்செலுக்குத் தெரியும். அவருக்கு முன்னால் உட்கார்ந்து ஒருநாள் நான் அழுதிருக்கிறேன். அந்த உரிமையில்தான் எடுத்தேன்.

"அக்செல், அனுப்பாதை," என்றேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.  கடைசியில், "நான் அனுப்பப் போறன், ராசன்," என்றார்.

போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வதனிக்கு ஒக்லாந்தில் தாதி வேலையும் விசாவும் கிடைத்தது. விடைபெறாமலே வந்துவிட்டோம். அவர் கிறிஸ்மஸ் தோறும் அனுப்பின நத்தார் அட்டைகளுக்கு வதனி பதில் போடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்ப்பேன்.

எங்கள் வீட்டு யுத்தம்

இனி மயூரியின் கதை. இங்கே வளர்ந்த பிள்ளை. தாயைப் போல தாதிப் படிப்பு படித்து ஆஸ்பத்திரியில் வேலை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் என்னுடைய தமிழ். அந்த அளவில் என் பிள்ளைதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டே சொன்னாள். வார இறுதிகளில் மட்டும் போகிற பகுதிநேரப் படையில் சேரப் போகிறாளாம். மருத்துவப் பிரிவாம். ஒக்லாந்தின் தெற்கே பாபகூரா முகாமாம்.

"என்ன?" என்றேன்.

"அப்பா, ஐ'ம் நொட் ஆஸ்கிங். ஐ'ம் டெலிங் யூ."

"படையோ? இந்த வீட்டிலை இருந்தோ?"

"வெள்ளம் வரேக்கை ஆக்களைத் தூக்கினது ஆர்? புயலுக்கு வந்தது ஆர்? நீங்கள் அப்ப டீவியைப் பார்த்து நல்ல பெடியள் எண்டு சொன்னனீங்கள்தானே!" தமிழ் வந்துவிட்டது. கோபம் என்று விளங்கியது.

"ஊரிலையும் வெள்ளத்துக்கு வந்தவங்கள்தான்," என்றேன். "பிறகு வேறை ஒண்டுக்கு வந்தவங்கள்."

எனக்கு அவள்மேல் கோபம் என்று வதனி நினைத்தாள். கோபமில்லை, பயம். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கோபம் என்றே விட்டுவிட்டேன். அது கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

மயூரி பயிற்சிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பயிற்சி முடித்தவர்களுக்குப் பாபகூராவில் ஒரு சின்ன அணிவகுப்பு, குடும்பத்தாரும் வரலாம் என்று அழைப்பு வந்தது. வதனி அதைக் குளிர்பெட்டியில் காந்தத்தால் ஒட்டினாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த அழைப்பு என்னைப் பார்த்தது.

"நான் வரமாட்டன்," என்றேன்.

"இஞ்சருங்கோ, பிள்ளை கேக்காது. ஆனா அப்பா வாறாரோ எண்டு பாக்கும்," என்றாள் வதனி.

"பாக்கட்டும்."

இந்த நேரம் பார்த்துத்தான் அக்செல் வந்து இறங்கினார். அவருடைய மகள் ஒக்லாந்தில் கல்யாணம் செய்து இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஒரு மாதம் வந்தவர். குலம் அண்ணைக்கு எப்படியோ காற்றுவாக்கில் தகவல் போய்விட்டது. ஒரு அமைச்சர், அதுவும் பாதுகாப்பு அமைச்சர், அதுவும் தமிழருக்கு உதவின மனிதர், பொன்னாடை இல்லாமல் திரும்பிப் போவதா? அண்ணைக்கு நித்திரை வருமா?

மழைக்குள் ஒரு கார்

மண்டப வாசலுக்கு வருகிறேன்.

ஒக்லாந்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டியது. வாசலில் ஒதுங்க இடமில்லை. என் கார்தான் கிட்ட நின்றது. ரோல்ஸ் நனையக்கூடாது. வதனி கொன்றுவிடுவாள். நான் ஒரு கதவால் ஏறினேன். அக்செல் கேட்காமலே மற்றக் கதவால் ஏறினார். தட்டுகளை ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டோம்.

கண்ணாடியில் ஆவி படிந்தது. கார் முழுக்க மிளகுத்தூளும் பொரித்த மணமும்.  இருவருமே யுட்லாந்தில் பழகினவர்கள். பேசாமல் இருப்பதில் போட்டி வைத்தால் யார் வெல்வார் என்று தெரியாது.

அவர் வெள்ளித்தாளின் ஓரத்தை மெல்லக் கிளப்பினார். "ஒண்டு எடுக்கலாமோ?"

"விருந்தாளிக்குத்தானே," என்றேன்.

கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது. மென்று விழுங்கினார். "மோசமில்லை," என்றார்.

நானும் ஒன்று எடுத்தேன்.

"அண்டைக்கு நீ போனை வைச்சிட்டாய்," என்றார் அவர்.

"ஓம்."

"நான் கனநேரம் றிசீவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். லைன் கட்டாகிப் போச்சாக்கும், திரும்ப எடுப்பாய் எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. அதை விழுங்கிவிட்டு, இத்தனை வருடமாக வயிற்றில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அனுப்பிப்போட்டு உனக்கு நித்திரை வந்ததோ?"

"வந்தது," என்றார். "நல்லா நித்திரை கொண்டனான். அதுதான் எனக்கு என்னிலை பிடிக்காமல் போன விசயம்."

மழை கொஞ்சம் விட்டது. பிறகு பிடித்தது.

"நான் செய்தது பிழையெண்டு சொல்லுவன் எண்டு பாக்கிறியோ?" என்றார். "சில நாள் பிழையெண்டு படும். சில நாள் சரியெண்டு படும். இன்னொரு ரோல்ஸுக்காக நான் பொய் சொல்லமாட்டன்."

"சொல்லாட்டிலும் எடு," என்றேன்.

எடுத்தார். ஆனால் கடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு குழு புறப்படும்போதும் விமானத் தளத்துக்கு வழியனுப்பப் போவாராம். ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பாராம். அமைச்சர் ஒவ்வொரு முறையும் வரத் தேவையில்லை என்று அதிகாரிகள் சொன்னார்களாம். சீட்டில் தப்பினவன், அங்கேயாவது போய் நிற்காமல் எப்படி என்று போனாராம்.

"ஒருக்கா ஒரு பிள்ளை. அம்புலன்ஸ் பிரிவு. நான் கைகுடுக்கிறன், அவள் என்னைப் பாக்கேல்லை. என்ரை தோளுக்கு மேலாலை வாசலையே பாக்கிறாள். அமைச்சரையும் மதிக்காத பெட்டையெண்டு எனக்குக் கொஞ்சம் கடுப்பு. பிறகுதான் அவளின்ரை அதிகாரி சொன்னார். அவளைப் பெத்த தேப்பன் என்ரை முடிவுக்கு எதிராம். வழியனுப்ப வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாராம். பிளேன் படியிலை கால் வைக்கிற வரைக்கும் அவள் திரும்பித் திரும்பி வாசலைப் பாத்தாள்."

"தேப்பன் உனக்கு எதிர். சரியாத்தான் இருந்திருக்கிறார்," என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

"சரிதான். கோவம் என்னோடை. ஆனா அவர் வராமல் விட்டு நோகடிச்சது என்னை இல்லையே, ராசன். அவளைத்தானே?"

பாதி ரோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தேன். "அந்தப் பிள்ளை திரும்பி வந்ததோ?"

"வந்தாள். இப்ப ஒவ்வொரு நத்தாருக்கும் அட்டை போடுறாள். தேப்பனோடை கதைக்கிறாளோ எண்டு கேக்க எனக்குத் துணிவு வரேல்லை."

எனக்குச் சந்தேகம் பிடித்தது. "வதனி உனக்கு எல்லாம் சொல்லிப்போட்டாள் என்ன?"

"எதை?" என்றார்.

அந்த முகத்தில் கள்ளம் இருக்கவில்லை. அரசியல்வாதிதான், ஆனாலும் ஒரு கழுதையைக் குதிரை என்று மனதார நம்பித் தந்த மனிதர். அவருக்கு நடிக்க வராது. நான் மயூரியின் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, வீட்டில் சொல்லாத அந்தச் சொல்லும் வாயில் வந்துவிட்டது.

"பயமாக் கிடக்கு, அக்செல்."

அவர் புத்தி சொல்லவில்லை. அவருக்கு என் நன்றி. கண்ணாடியில் படிந்த ஆவியைச் சட்டைக் கையால் துடைத்தார். "எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

"வாற சனி."

"என்னட்டைக் கார் இருக்கு," என்றார்.

பொன்னாடை

ஏழேகாலுக்குக் குலம் அண்ணை திறப்போடு வந்தார். அவரோடு வந்த, மைக் பொருத்துகிற பாஸ்கர் தஞ்சாவூர்க்காரர். பூட்டிய மண்டபத்துக்கு முன்னால் பிரதம விருந்தினர் ஒரு காருக்குள் ரோல்ஸ் தின்றுகொண்டிருப்பதைக் கண்டு பதறிப்போனார்.

"என்னண்ணே, ஆறு மணின்னா ஆறு மணிக்கேவா வந்துட்டாரு?"

"ஓம் தம்பி, அவையின்ரை நாட்டிலை அப்பிடி ஒரு பழக்கம்," என்றேன்.

அக்செல் உள்ளே போனதும் மேல்கோட்டைக் கழற்றிவிட்டுக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். மரவேலை வாத்தியார், வரிசை கோணினால் பொறுக்கமாட்டார். குலம் அண்ணை, "ஐயோ மினிஸ்டர், பிளீஸ்" என்று அவருடைய கையிலிருந்து கதிரையைப் பறிப்பதும், அவர் இன்னொன்றை எடுப்பதுமாக ஒரே கூத்து.

பிறகு உரை. "கண்ணசைவில் முப்படைகளையும் கட்டியாண்ட தளபதியே" என்று அண்ணை தொடங்கினார். பக்கத்தில் இருந்த அக்செல் என் காதுக்குள் குனிந்து, "என்ன சொல்றார்?" என்று கேட்டார்.

"உன்ரை தலை பெரிசு எண்டு சொல்றார்," என்றேன்.

தலையாட்டினார். "அது உண்மை."

பொன்னாடை போர்த்தினார்கள். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். முன்வரிசையில் இருந்த வதனி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போன பிறகு மிச்ச ரோல்ஸைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் வைக்கும்போதே ஒரு தட்டில் ஒரு மூலை காலியாக இருந்தது ஏன் என்று விசாரித்தாள். 

"சனிக்கிழமைக்கு எந்தச் சேர்ட்டைப் போடுறது?" என்றேன்.

 வதனி குழாயைத் திறந்து, கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு நாள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் இழுபட்டவள் அவள்தான்.

பாபகூரா

சனிக்கிழமை அக்செல்தான் ஓட்டினார். வாழ்க்கை முழுக்க வலப்பக்கம் ஓட்டிய மனிதர். ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும் வதனி பின்னாலிருந்து பிள்ளையாரைக் கூப்பிட்டாள்.

முகாம் வாசலில் சீருடையில் ஒரு பெடியன் கையை நீட்டி மறித்தான். அடையாள அட்டை கேட்டான். என் முதுகில் வியர்வை இறங்கியது. சாரதிப் பத்திரத்தைப் பணப்பையிலிருந்து எடுக்க விரல் மறுத்தது. எத்தனை வருடம் போனால் என்ன, உடம்பு தன் பாட்டில் நினைவு வைத்திருக்கிறது. அவன் அட்டையைப் பார்த்துவிட்டு, மயூரியின் அப்பாவா என்று கேட்டான். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை, அவள் எங்கள் காலுக்கெல்லாம் கட்டுப் போட்டாள் என்று சிரித்தான். பிறகு அக்செலைப் பார்த்து, நீங்கள் உறவினரா என்று கேட்டான்.

"நான் டிரைவர்," என்றார் அக்செல்.

புல்வெளி ஓரத்தில் கதிரை போட்டிருந்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து எங்களோடு மரியாதையாகக் கதைத்தார். அக்செலின் அசையாத இருப்பைப் பார்த்து, படையில் இருந்தீர்களா என்று கேட்டார். "இல்லை. கொஞ்சக் காலம் ஒரு கந்தோரிலை மேசை வேலை பாத்தனான்," என்றார் மனிதர். வதனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முரசு இல்லை, பெரிய வாத்தியம் இல்லை. வரிசையாக வந்தார்கள். நேரே பார்க்க வேண்டும் என்பது கட்டளை. மயூரியும் நேரேதான் பார்த்தாள். எங்கள் கதிரைக்கு முன்னால் வந்தபோது மட்டும் கண் ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பியது. என்னைக் கண்டது. தாடை நடுங்கியது. கால் தப்பவில்லை. நான் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்து, கலைந்து போகலாம் என்றதும் ஓடி வந்தாள். கிட்ட வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். எனக்கும் தெரியவில்லை. அவளுடைய சீருடையில் ஒரு பக்கக் கொலர் உள்ளே மடிந்து கிடந்தது. என் கை தன் பாட்டில் போனது.

"அப்பா, நொட் ஹியர், ப்ளீஸ். எவ்ரிவன்ஸ் வொச்சிங்." பின்னால் நகரப் பார்த்தாள்.

"நில்லு," என்றேன்.

ஊரில் சீருடை போட்டவர்கள் எனக்குச் சொன்ன சொல் அது. என் தம்பிக்கும் சொன்னார்கள். வீதியில், சந்தியில், சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, முதுகுக்குப் பின்னாலிருந்து. சீருடை ஒன்றைப் பார்த்து அந்தச் சொல்லை நான் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சீருடை நின்றது. அசையாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, நான் கொலரைச் சரிசெய்து முடிக்கும் வரைக்கும் நின்றது.